ஆச்சியின் தட்டும் பாரீஸ் பெட்டியும்

போன மே மாத லீவில் சேத்தூரில் எங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்தோம். ஏணியில் ஏறியது நான். கீழே நின்று சாமான்களை வாங்கி அடுக்கியது என் அண்ணன் மகள். அடுத்த மாதம் ஏழாம் வகுப்பு போகவிருந்தவள். பித்தளை அண்டா, திரியில்லாத அரிக்கேன் விளக்கு, ஒரு கால் ஒடிந்த முக்காலி எல்லாம் பத்திரமாக இறங்கின. ஆச்சியின் எனாமல் தட்டு மட்டும் அவள் கையை ஏமாற்றிவிட்டு, ‘டணார்’ என்று கல் தரையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

“ஏ, பீங்கான் தட்டா?” என்று அடுப்படியிலிருந்து ஆச்சி குரல் கொடுத்தார். ஆச்சி என்றால் அவளுக்கு ஆச்சி, எனக்கு அம்மா.

தட்டு உடையவில்லை. உட்பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை தெறித்துப் போயிருந்தது. அவள் சில்லைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சித்தப்பா, பெயிண்ட் உரிஞ்சா வளையும்ல? இது வளைய மாட்டேங்குதே. கண்ணாடி மாதிரி கூரா இருக்கு.”

“கண்ணாடி மாதிரி இல்ல பாப்பா. கண்ணாடியேதான்.”

அவள் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். உங்கள் வீட்டில் பழைய எனாமல் தட்டோ குவளையோ இருந்தால், சில்லுப் போன இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தொட வேண்டாம், கையைக் கிழிக்கும். உடைந்த ஓரம் சிப்பியின் முதுகு போல வளைவு வளைவாக இருக்கும். கண்ணாடி உடைந்தால் அந்த வளைவு வரும், பெயிண்ட்டுக்கு வராது. இன்னொன்றும் தெரியும். மேலே வெள்ளை, அடியில் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் மெல்லியதாக ஒரு கருநீல வளையம். தட்டு வெள்ளையாக இருக்கும்போது அடியில் எதற்குக் கருநீலம்? அந்தக் கேள்வியை அவள் உடனே கேட்டுவிட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்கு முன்னால் பாரீசுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

பதினாறாம் லூயி பிரான்சை ஆண்ட காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1774-க்குப் பிறகு, 1780 வாக்கில். பாரீஸ் நகைக் கடைகளில் ஒரு சின்னப் பெட்டி பிரபலமாக இருந்தது. இரண்டு தீப்பெட்டிகளை நெடுக்காக ஒட்டிவைத்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான். தட்டையானது. மேல்பகுதி மூடி. செய்தது தங்கத்தில். தங்கத்தின் மேல் ஆழ்ந்த நீலமாகவோ பச்சையாகவோ எனாமல். முன்பக்கம் நடுவில் பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஓர் ஓவியம்: ஒரு பெண்ணின் முகம், அல்லது பூக்கூடை, அல்லது இரண்டு புறாக்கள். ஒரு பக்கம் ‘சுவெனிர்’ என்று எழுத்து, மறுபக்கம் ‘தமித்தியே’ என்று எழுத்து. சேர்த்துப் படித்தால் ‘நட்பின் ஞாபகம்’.

“அன்பளிப்பு-னு பேர் வெட்டிக் குடுப்பாங்களே, அது மாதிரியா?” என்றாள் அவள்.

அதே மாதிரிதான். நம் ஊரில் கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டிக் கொடுப்பார்கள். முப்பது வருஷம் கழித்தும் குடத்தைத் திருப்பினால் இன்னார் கொடுத்தது என்று தெரியும். பாரீஸ்காரர்கள் குடத்துக்குப் பதில் பெட்டி கொடுத்தார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கும்? பணமோ மூக்குப்பொடியோ இல்லை. அப்பளம் போல மெல்லிய தந்தத் தகடுகள் சில. கூடவே ஒரு பென்சில். தகட்டில் பென்சிலால் எழுதலாம். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். வேறு எப்படிச் சொல்வது, தங்கப் பெட்டிக்குள் வைத்த சிலேட்டு! நாளை யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு கடன் என்று குறித்துவைத்துப் பிறகு அழித்துக்கொள்வார்கள். பென்சிலின் கருப்பு கிராஃபைட். அது கரியின் ஒரு வடிவம். சீட்டுக்கட்டு போல அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வோர் அடுக்கும் லேசாக வழுக்கி வெளியே வரும். வழவழப்பான தந்தத்தின் மேல் அந்த அடுக்குகள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே இறங்காது. அதனால்தான் துடைத்ததும் போகிறது.

இந்த மாதிரிப் பெட்டிகளை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் நீலம் நேற்றுப் பூசியது போல இருக்கிறது. நம் வீட்டுக் கதவில் அடித்த நீலப் பெயிண்ட் மூன்று வெயிலுக்கே வெளுத்துவிடுகிறது. ஏன் இந்த வித்தியாசம்?

பெயிண்ட்டில் நிறத்தைப் பிடித்துவைத்திருப்பது எண்ணெய் அல்லது பிளாஸ்டிக் போன்ற ஒரு பசை. வெயில் அந்தப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். எனாமலில் பசையே கிடையாது. நிறம் கண்ணாடிக்குள் கரைந்திருக்கிறது. வெயிலோ மழையோ அதைத் தொட முடியாது. கடைகளில் ‘எனாமல் பெயிண்ட்’ என்று டப்பாவில் விற்பது வேறு; பளபளப்பு ஒன்றாக இருப்பதால் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டது. இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

எனாமல் செய்வது எப்படி என்று பார்ப்போம். கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். மணல் மட்டும் உருக வேண்டுமானால் 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வளவு சூட்டில் தங்கம் தண்ணீராக ஓடிவிடும். அது 1,064 டிகிரியிலேயே உருகிவிடுகிற உலோகம். செம்பும் வெள்ளியும் கலந்த நகைத் தங்கம் அதற்கும் முன்னாலேயே இளகிவிடும். ஆகவே கண்ணாடியை வழிக்குக் கொண்டுவர வேண்டும். நகை ஆசாரி வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒட்டு வைக்கும்போது வெண்காரம் தொட்டு ஊதுவார். வெண்காரம் சேர்ந்தால் பொருள் சீக்கிரம் உருகி ஓடும். அதேபோல மணலோடு சோடா உப்பு, பொட்டாஷ், ஈய ஆக்ஸைடு எல்லாம் சேர்த்தால் 800 டிகிரி பக்கத்திலேயே இளகுகிற கண்ணாடி கிடைக்கும்.

அந்தக் கண்ணாடியைக் கல்வத்தில் போட்டுத் தண்ணீர் விட்டு அரைப்பார்கள். அரைத்ததைப் பலமுறை கழுவி, பால் போல வரும் கலங்கலை வடித்துவிடுவார்கள். நாம் அரிசி களைவதுபோல. மிஞ்சுவது ஈர மணல் போல ஒரு பொடி. அதை மெல்லிய கரண்டியால் தங்கத்தின் மேல் பரப்பி, காயவைத்து, உலைக்குள் இரண்டு மூன்று நிமிஷம் வைத்தால் போதும். பொடி உருகிப் பளபளக்கும். ஆறியதும் கல்லால் தேய்த்து மட்டம் செய்துவிட்டு மறுபடி பொடி, மறுபடி உலை. ஒரு பெட்டி பலமுறை உலைக்குள் போய்வரும். இன்றைய மாதிரி எண்ணைக் காட்டும் வெப்பமானி கிடையாது. உலையின் உள்ளே தெரிகிற சிவப்பு எந்தச் சிவப்பு என்று கண்ணால் பார்த்தே சூட்டைக் கணக்குப் போட்டார்கள். கொஞ்சம் குறைந்தால் பொடி உருகாது. கொஞ்சம் கூடினால் பெட்டியே போச்சு.

இதைவிடப் பெரிய ஆபத்து உலைக்கு வெளியே காத்திருக்கிறது. ஆறும்போது வருகிற ஆபத்து.

சூடானால் எல்லாம் விரியும், ஆறினால் சுருங்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் எல்லாம் ஒரே அளவு விரியாது. ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு தங்கக் கம்பியும் ஓர் இரும்புக் கம்பியும் ஒரு ஜன்னல் கண்ணாடிப் பட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் தங்கம் 1.4 மில்லிமீட்டர் நீளும். இரும்பு 1.2 மில்லிமீட்டர். கண்ணாடி 0.9 மில்லிமீட்டர்தான். இம்மியளவு வித்தியாசம்தானே என்று தோன்றும். இந்த இம்மியில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

8 சென்டிமீட்டர் உயரப் பெட்டி, கண்ணாடி இறுகத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய 500 டிகிரி ஆற வேண்டும். தங்கம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே சுருங்கும். ஜன்னல் கண்ணாடியைப் பூசியிருந்தால் அது 0.36 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஒன்று ‘வா, இன்னும் சுருங்கு’ என்று இழுக்கிறது. மற்றது ‘என்னால் முடியாது’ என்கிறது. ஒட்டியிருக்கிற இரண்டு பேருக்குள் இப்படிச் சண்டை வந்தால் படபடவென்று பெயர்ந்து விழ வேண்டியதுதான். சில்லென்றிருக்கும் கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காபியை ஊற்றினால் ‘படக்’ என்கிறதே, அங்கே நடப்பதும் இந்தச் சண்டைதான். உள்பக்கம் விரிகிறது, வெளிப்பக்கத்துக்குச் சேதி போய்ச் சேரவில்லை.

இதற்கு வைத்தியம்: சோடாவையும் பொட்டாஷையும் கூட்டக் கூட்டக் கண்ணாடி அதிகம் விரியும், அதிகம் சுருங்கும். அப்படிக் கூட்டிக் கூட்டித் தங்கத்துக்கு மிகப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். சரிசமமாக ஆக்கிவிட மாட்டார்கள். ஒரு துளி குறைவாகவே விடுவார்கள். ஏன் தெரியுமா?

இதற்கு ஆச்சிதான் உதாரணம் கொடுத்தார். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், “வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுற மாதிரியில்ல இருக்கு” என்றார். எனக்கே அது தோன்றவில்லை. மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை இருக்கும். பட்டையை மரச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே அடித்திருப்பார்கள். அதை வறட்டித் தீயில் போட்டுப் பழுக்கக் காய்ச்சினால் விரியும். நாலு பேர் குறடால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டி, தண்ணீரை ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்ப, பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். அதற்கப்புறம் ஆணி இல்லாமலேயே நிற்கும்.

தங்கம்தான் இங்கே பட்டை. அது ஒரு துளி அதிகமாகச் சுருங்குவதால் கண்ணாடியை எப்போதும் அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அமுக்கினால் கண்ணாடி தாங்கும், இழுத்தால் தாங்காது. சாக்பீஸை எடுத்துப் பாருங்கள். நிற்கவைத்து நேராக அமுக்கினால் லேசில் உடையாது. வளைத்தால் உடனே ஒடியும். வளைக்கும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது. ஆகவே கண்ணாடி இழுபடாமல் அமுங்கியே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இருநூறு வருஷம் நிற்கும்.

ஒரு பக்கம் மட்டும் எனாமல் பூசினால் மெல்லிய தகடு வளைந்துவிடும். நோட்டு அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் பசை தடவி பிரவுன் காகிதம் ஒட்டினால் மறுநாள் அட்டை வளைந்து கிடக்குமே, அதே கதை. அதனால் யாருமே பார்க்காத உள்பக்கத்திலும் எனாமல் பூசிவிடுவார்கள். ஆச்சியின் தட்டைத் திருப்பிப் பாருங்கள், அடியிலும் பூச்சு இருக்கும். அங்கே அது இரும்பு துருப்பிடிக்காமலும் காக்கிறது.

சரி, கண்ணாடி தங்கத்தில் ஒட்டிவிட்டது. அது ஏன் அப்படி மினுங்குகிறது?

மழை முடிந்து தெளிந்த கண்மாய்க் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். முழங்கால் ஆழத் தண்ணீர், அடியில் மணல் வரி வரியாகத் தெரியும், வெயில் அதன் மேல் வலை போல ஆடும். பெட்டியிலும் அப்படித்தான். வெளிச்சம் நீலக் கண்ணாடி வழியாக உள்ளே போய், அடியிலிருக்கும் தங்கத்தில் மோதி, அதே கண்ணாடி வழியாகத் திரும்பி வருகிறது. ஒரே கண்ணாடியை இரண்டு தடவை கடப்பதால் நிறம் இரண்டு மடங்கு அழுத்தமாகிறது. செம்பாக இருந்தால் உலைச் சூட்டில் கறுத்துப்போய் வெளிச்சத்தை விழுங்கிவிடும். சுத்தத் தங்கம் எவ்வளவு சூட்டிலும் கறுக்காது. அந்தக் காலத்து வேலைக்காரர்கள் தங்கத்தைத் தேர்ந்தெடுத்தது பகட்டுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வெளிச்சத்தை இன்னும் ஆடவைக்க ஒரு தந்திரம் செய்தார்கள். எனாமல் பூசுவதற்கு முன் தங்கத்தில் மயிரிழை மயிரிழையாக அலைக்கோடுகளைக் கீறிவிடுவார்கள். கட்டில் காலும் பம்பரமும் உருட்டுகிற கடைசல் பட்டறை தெரியுமல்லவா? அது போன்ற ஒரு கடைசல் எந்திரம்தான். ஆனால் இதில் பொருள் சுற்றும்போது வேண்டுமென்றே தாளம் தவறாமல் அசைந்துகொடுக்கும். அதனால் உளி வட்டமாகக் கீறாமல் அலை அலையாகக் கீறும். இந்தக் கோலத்துக்குக் கில்லோஷே என்று பெயர். பார்க்க பாரீஸ் போக வேண்டாம். அப்பாவிடம் ஒரு பத்து ரூபாய் நோட்டு வாங்கிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பின்னிப் பிணைந்த மெல்லிய அலைக்கோடுகள் இருக்கும். அவையும் அந்தக் குடும்பம்தான். பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி நிறங்கள். சிவகாசி நமக்குப் பக்கத்து ஊர் என்பதால் உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். வாணவெடியில் நீலம் வேண்டுமானால் தாமிர உப்பு, பச்சைக்கு பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம். எனாமலிலும் உலோகங்கள்தான் நிறம் தருகின்றன. ஆனால் அதே உலோகம் அதே நிறத்தைத் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெடியில் நீலமாக எரிகிற தாமிரம், கண்ணாடிக்குள் போனால் மயில் கழுத்துப் பச்சை. புகையடைந்த உலையில் வைத்தால் அதே தாமிரம் சிவப்பு. வெடியில் உலோகம் தானே ஒளி விடுகிறது. அதனால் இருட்டில் தெரிகிறது. கண்ணாடியில் அது தானாக ஒளி விடாது. வருகிற வெள்ளை ஒளியிலிருந்து சில நிறங்களைத் தின்றுவிட்டு மிச்சத்தை அனுப்பும். விளக்கை அணைத்தால் பாரீஸ் பெட்டியும் கறுப்புத்தான்.

வெள்ளைக்கு வெள்ளீய ஆக்ஸைடு. ஊதாவுக்கு மாங்கனீஸ். பெட்டியின் ஆழ்ந்த நீலத்துக்குக் கோபால்ட். ஆயிரம் பங்கு கண்ணாடிக்கு ஒரு பங்கு கோபால்ட் இருந்தாலே போதும், நீலம் தூக்கலாகத் தெரியும். ஜெர்மனியில் சுரங்கம் வெட்டியவர்களுக்கு இந்தத் தாது ஒரு தொல்லை. வெள்ளி என்று நினைத்து உருக்கினால் வெள்ளி வராது, நச்சுப் புகைதான் வரும். சுரங்கத்துக்குள் இருக்கிற குட்டிப் பிசாசு வெள்ளியைத் திருடிவிட்டு இதை வைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பிசாசுக்குப் பெயர் கோபோல்ட். சுவீடன் நாட்டு வேதியியலாளர் கியோர்க் பிராண்ட் 1735 வாக்கில் அது தனி உலோகம் என்று கண்டுபிடித்தபோது, பிசாசின் பெயரே உலோகத்துக்கு நிலைத்துவிட்டது.

சிவப்புதான் எல்லாவற்றிலும் வேடிக்கை. ரோஜாச் சிவப்பைத் தருவது தங்கம்! மஞ்சள் தங்கம் எப்படிச் சிவக்கும்? தங்கத்தை ராஜதிராவகத்தில் கரைத்து, வெள்ளீய உப்புச் சேர்த்தால் ஊதாச் சிவப்பில் ஒரு பொடி படியும். அதில் தங்கம் நானோமீட்டர் கணக்கில் துகள் துகளாக இருக்கிறது. உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே அந்தத் துகள்களை வரிசையாக நிறுத்தினால் ஆயிரக்கணக்கில் நிற்கும். அவ்வளவு சின்னதாகிவிட்டால் தங்கம் பச்சை ஒளியை அதிகமாகத் தின்னும், மிஞ்சுவது சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1857-இல் இந்தச் சிவப்புத் தங்கத்தை ஆராய்ந்து, துகள் சின்னதாவதுதான் காரணம் என்று சொன்னார். பாரீஸ் ஆசாரிகளுக்குக் காரணம் தெரியாது, கைப்பக்குவம் தெரியும். இன்று நானோ தொழில்நுட்பம் என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதை அவர்கள் பெயர் தெரியாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கலை இருக்கிறது. ஜெய்ப்பூரில் அதற்கு மீனாகாரி என்று பெயர். தங்கத்தில் பள்ளம் வெட்டி நிறக் கண்ணாடியை நிரப்புவார்கள். எந்த நிறத்துக்கு அதிகச் சூடு வேண்டுமோ அதை முதலில் சுட்டுவிட்டு, கொஞ்சம் சூட்டிலேயே உருகுகிற சிவப்பைக் கடைசியில் வைப்பார்கள். வரிசை மாறினால் முன்னால் வைத்தது பின்னால் வைத்ததற்காக வேக வேண்டிவரும், நிறம் கெட்டுவிடும்.

பெட்டியின் நடுவிலிருந்த அந்தக் குட்டி ஓவியத்தை மறந்துவிடவில்லை. அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, எனாமல் மேலேயே எனாமலால் வரைவது. 1630 வாக்கில் ழான் தூத்தேன் என்ற பிரெஞ்சு நகைத் தொழிலாளி வெள்ளை எனாமலைத் தாள் போலப் பூசி அதன் மேல் நிறப்பொடிகளால் வரையத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ழான் பெத்தித்தோ பதினான்காம் லூயியின் அரண்மனைக்காரர்களை இப்படி வரைந்தார். உலோக ஆக்ஸைடை எண்ணெயில் குழைத்து வரையும்போது இருக்கிற நிறம் வேறு, சுட்டபின் வருகிற நிறம் வேறு. கன்னத்துக்கு ரோஜா நிறம் வைக்கிறோமா, பழுப்பு வைக்கிறோமா என்பது உலையிலிருந்து எடுத்தால்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுத்திருப்பார்கள். அந்த முகங்கள் 350 வருஷமாகியும் வெளுக்கவில்லை.

இன்னொன்று, தந்தத் தகட்டில் நீர்வண்ணத்தால் வரைவது. 1700-ஐ ஒட்டி வெனிஸ் நகரத்து ரோசால்பா கரியேரா என்ற பெண் ஓவியர் இதைப் பரப்பினார். மெல்லிய தந்தம் வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டு வெளியே விடும். அதனால் வரைந்த முகத்துக்கு உண்மையான தோல் போல ஒரு சோபை வந்துவிடும். சுடவும் வேண்டாம். ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும், ஈரம் ஏறினால் தந்தம் வளையும். அதனால் மேலே கண்ணாடி போட்டு அடைத்துவைப்பார்கள்.

இந்தத் தந்த ஓவியம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஜான் ஸ்மார்ட் என்ற ஆங்கில ஓவியர் 1785-இல் சென்னைக்குக் கப்பலேறி வந்து, பத்து வருஷம் இங்கேயே இருந்து உள்ளங்கைக்குள் அடங்குகிற முகங்களை வரைந்தார். படத்தில் அவர் கையெழுத்தாக இடுவது தன் பெயரின் முதலெழுத்துகள், வருஷம், கூடவே ‘ஐ’ என்று ஓர் ஆங்கில எழுத்து. இந்தியாவில் வரைந்தது என்று அதற்கு அர்த்தம். அவர் வரைந்தவர்களில் முக்கியமானவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி. கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் சேப்பாக்கம் மாளிகை இருக்கிறதே, அதில் வாழ்ந்தவர். நம் பக்கத்துக்கு இந்த நவாப் புதியவர் இல்லை. அப்போது சேத்தூர் ஒரு பாளையம். திருநெல்வேலிச் சீமைப் பாளையங்களிடம் வரி கேட்டு ஆளும் படையும் அனுப்பியவர் இவர்தான். நெற்கட்டும்செவல் புலித்தேவர் மறுத்து நின்றதும் இவருக்குத்தான்.

“நம்ம ஊர் பணத்துலதான் படம் வரைஞ்சுக்கிட்டாரா?” என்றாள் அண்ணன் மகள்.

எந்த ஊர்ப் பணம் எந்தப் படத்துக்குப் போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

தந்தத்துக்கும் ஒரு விலை இருந்தது; அதை யானைகள் கொடுத்தன. உலக நாடுகள் 1989-இல் கூடி ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை நாடு விட்டு நாடு விற்கத் தடை போட முடிவு செய்தன. நம் நாட்டிலும் தந்த வியாபாரம் குற்றம். சேத்தூரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற மலையில் இன்றும் யானைகள் இருக்கின்றன. 2021-இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.   

இப்போது தட்டுக்கு வரலாம்.

ஆச்சியின் தட்டு மலிவானது. மலிவானதை நான் குறைவாகச் சொல்லவில்லை. தங்கப் பெட்டியை ஒரு பிரபு வீட்டில்தான் பார்க்க முடிந்தது. அதே வித்தையை இரும்பில் செய்யக் கற்றதும் எல்லார் வீட்டு அடுப்படிக்கும் அது வந்துவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிற பழம்பொருள் கடைகளுக்குப் போனால், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் தூக்குகளும் தட்டுகளும் கூரைவரை அடுக்கியிருக்கும். கடல் கடந்து வியாபாரம் செய்த காலத்தில் வந்தவை. பூப்போட்டவை, ஓரத்தில் நீலக் கோடு போட்டவை. எனக்கு அருங்காட்சியகத்துப் பெட்டிகளைவிட இவற்றைப் பார்க்கத்தான் அதிகப் பிடிக்கும், தொட்டுப் பார்க்கலாம் என்பதால்.

இரும்பில் எனாமல் பூசுவது தங்கத்தில் பூசுவதைவிடக் கஷ்டம். வெள்ளைக் கண்ணாடி இரும்பைச் சரியாகப் பிடிக்காது. வீடு கட்டும்போது கொத்தனார் என்ன செய்கிறார்? வழவழவென்றிருக்கும் கான்கிரீட்டில் பூச வேண்டுமானால், முதலில் அதைக் கொத்திவிட்டுத்தானே பூசுகிறார்? இரும்பையும் யாராவது கொத்திவிட வேண்டும். அந்த வேலைக்குத்தான் அடியில் ஒரு தனிப் பூச்சு. அதில் கொஞ்சம் கோபால்ட் ஆக்ஸைடு கலந்திருக்கும். உலைச் சூட்டில் கோபால்ட் இரும்போடு வேதிவினை செய்து, அதன் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அரித்துக் குழி குழியாக்கிவிடும். உருகிய கண்ணாடி அந்தக் குழிகளுக்குள் இறங்கிக் கவ்விக்கொள்ளும். அதன் மேல் வெள்ளையைப் பூசினால் நிற்கும். கோபால்ட் இருக்கிற கண்ணாடி என்ன நிறமாக இருக்கும்?

“நீலம்!” என்றாள் அவள். சில்லை எடுத்து மறுபடி பார்த்தாள். வெள்ளைக்கு அடியில் கருநீலம் ஒட்டியிருந்தது. பாரீஸ் பெட்டியில் மேலே நின்று மினுங்கிய அதே பிசாசு உலோகம், இங்கே யார் கண்ணிலும் படாமல் அடியில் கிடந்து தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தட்டு விழுந்தபோது ஏன் தெறித்தது என்றும் அவளே சொல்லிவிட்டாள். இரும்பு கொஞ்சம் வளைந்துகொடுத்தது. கண்ணாடிக்கு வளையத் தெரியாது.

“சில்லுப் போன தட்டுல சோறு போடாதீங்க. வயித்துக்குள்ள போயிரும்” என்றார் ஆச்சி. சரியான பேச்சு. தட்டு கொல்லைக்குப் போனது, கோழிக்குத் தண்ணீர் வைக்க. சில்லை அவள் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. “சித்தப்பா, தட்டைப் பாத்தேன். சில்லுப் போன இடத்துல நடுவுல துரு ஏறிட்டு. சுத்தி அந்த நீல வளையம் மட்டும் அப்படியே இருக்கு. கோழி தட்டை ரெண்டு தடவை கவுத்திருச்சு, ஆனா வேற எங்கயும் தெறிக்கல.”